செம்புத் தகடும் பழுப்புத் தாளும்

மரக்கலத்தைக் கரையேற்றிச் செப்பனிடும் வேலையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அடிப்பாகத்தைச் சுரண்டி, வெயிலில் காயவிட்டு, மீனெண்ணெயோ வர்ணமோ பூசிய பிறகே அது மீண்டும் கடல் இறங்கும். ‘மேற்பூச்சுதானே’ என்று இவ்வேலையை எளிதாக எண்ணுவோரும் உண்டு. அவர்களை முன்னிட்டு, ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த வரலாறு ஒன்றை இந்த யூபிலி மலரில் தர விரும்புகிறோம்.

வெப்பக் கடல்களில் வாழும் கப்பற்புழு மரத்தைத் துளைத்து உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே தெரிவது ஊசித்துளை. உள்ளே இருப்பதோ தேன்கூடு! கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டால் வேகமும் குறையும். இதற்குப் பரிகாரமாக ஆங்கிலேயக் கடற்படையினர் 1761-ஆம் ஆண்டில் ‘அலாரம்’ என்னும் 32 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பலின் அடிப்பாகத்தை மெல்லிய செம்புத் தகடுகளால் மூடினர். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது.

1763-இல் அதைச் சோதித்தபோது, செம்பு நிலைத்த இடங்களில் புழு நுழையவில்லை. ஆனால் பல தகடுகள் கழன்று போயிருந்தன. செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துக் கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதியவை போலவே இருந்தன. காரணம் யாது? தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் அவ்விடங்களில் அகற்றப்படாமல், இரும்புக்கும் செம்புக்கும் இடையே தங்கிவிட்டது. வேலைக்காரர் கிழிக்க மறந்த தாளே ஆணியைக் காத்தது!

உப்புநீரில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றதற்காக அழியும் என்பதை அன்று எவரும் விளக்கிக் கூற இயலவில்லை. ஆயினும் பாடம் கண்முன் இருந்தது. இருந்தும் 1779 முதல் போர் அவசரத்தில் கப்பல் கப்பலாகச் செம்பு பொருத்தினர். இடையே தாள் வைத்தும் நீர் கசிந்தது. கப்பலைப் பிணைத்திருந்த இரும்புத் தாழ்களே இற்றன. 1780-களில் அவற்றுக்குப் பதிலாகச் செம்புக் கலவைத் தாழ்களைப் பொருத்த வேண்டியதாயிற்று.

1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் அறிஞர், சிறு துத்தநாகத் துண்டோ இரும்புத் துண்டோ செம்போடு இணைத்தால் அத்துண்டு தேய்ந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். செம்பு பிழைத்தது, ஆனால் கொட்டலசு வந்து மொய்த்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைவதாலேயே அவை அண்டாதிருந்தன என்பது அப்போதுதான் புலப்பட்டது. செம்புக் கப்பல்களில் அம்முறை கைவிடப்பட்டது. எனினும் எஃகுக் கப்பல்களின் அடியிலும் சுக்கான் அருகிலும் இன்று காணும் துத்தநாகக் கட்டிகள் அவர் வழியில் வந்தவையே.

நாம் கற்க வேண்டியது இதுவே. செப்பனிடும்போது அக்கட்டியின் மேலும் வர்ணத்தை இழுத்துவிடுவோர் உண்டு. வர்ணம் மூடிய துத்தநாகம் எதையும் காக்காது. காப்பின்றி நிற்கும் இரும்பே அரிபடும். மேலே பளபளப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல் கீழே ஆணியையும் தட்டிப் பார்ப்போம். படகில் செல்வோர் நம் தந்தையரும் பிள்ளைகளும் அல்லவா!