ரப்பர் கொட்டையின் ஓடு யாருடையது? தோட்டத்து மரம் சொல்லும் மரபியல்

ரப்பர் கொட்டையைத் தரையில் சூடேறத் தேய்த்து, கூட்டாளி கையில் வைத்து அலறவிட்ட கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் கொட்டையில் ஓர் உயிரியல் பாடமே இருக்கு.

ஓடு அம்மாவுடையது

ரப்பர் காய் முற்றினால் பட்டென்று வெடித்து, வழக்கமாக மூன்று கொட்டைகளைச் சிதறும். ஆமணக்குக் காயிலும் மூன்று விதைதான். இரண்டும், மரவள்ளியும் யூபோர்பியேசி என்ற ஒரே குடும்பம்.

கொட்டைக்குள் இருக்கும் கருவுக்கு 36 குரோமோசோம்கள்: தாய் மரத்திலிருந்து 18, மகரந்தம் தந்த மரத்திலிருந்து 18. அதனால் ஒரே மரத்துக் கன்றுகளும் அண்ணன் தம்பி மாதிரி வேறுபடும். ஆனால் புள்ளி போட்ட ஓடு முழுக்கத் தாய் மரத்தின் திசு. அதனால்தான் ஒரு மரத்துக் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே கோலம். விவரம் தெரிந்தவர்கள் ஓட்டைப் பார்த்தே தாய் மரத்தின் ரகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஒட்டுக் கட்டுவது ஏன்?

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சே யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டமாக அது அறியப்படுகிறது. அன்று எல்லாமே விதைக் கன்றுகள். ஒரு மரம் வாளி நிறையப் பால் தரும். பக்கத்து மரம் சொட்டுச் சொட்டாகத் தரும்.

1910-களில் ஜாவா, சுமத்ராவில் இதற்கு வழி பிறந்தது. நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, விதைக் கன்றின் தண்டில் பதித்துக் கட்டினார்கள். மொட்டு ஒட்டிக்கொண்டதும், அதற்கு மேலே உள்ள பழைய தண்டை வெட்டிவிடுவார்கள். இனி வேர் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது! இதில் பூவும் மகரந்தமும் தேவையில்லை. இப்படி வரும் நகல்தான் குளோன். புகழ்பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 அப்படிப் பரவியதுதான்.

நகலில் என்ன ஆபத்து?

ஒரு மரத்தை வீழ்த்தும் நோய், அதே மரபணு கொண்ட எல்லா மரத்தையும் வீழ்த்தலாம். பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தை இலைக்கருகல் பூஞ்சை சீரழித்தது. ஆசிய ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வம்சம். மரபணு வேற்றுமை குறைவு. அதை அதிகரிக்கவே 1981-இல் அமேசான் காட்டுக்குப் போய்ப் புது விதைகளைச் சேகரித்து மலேசியாவிலும் நட்டார்கள்.

நீங்களே பாருங்க

இப்போது பல தோட்டங்களில் செம்பனைதான். ரப்பர் மரம் கண்ணில் பட்டால் அடிமரத்தைப் பாருங்க. கீழே பருத்து மேலே போகப் போக ஒடுங்கினால் விதை மரம். ஒரே பருமனாக ஏறி, அடியில் மட்டும் வீங்கியிருந்தால் ஒட்டு மரம். தாத்தா பால் வெட்டியது எந்த மரம்னு கேட்டுப் பாருங்களேன்.