வுடி ஸ்ட்ரோட்: சட்டகத்தின் ஓரத்தில் நின்றவர்

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) படத்தின் தொடக்கக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. பாழடைந்த ரயில் நிலையமொன்றில் மூன்று கொலையாளிகள் ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நெடிய கறுப்பினத்தவர். நீர்த்தொட்டியின் கீழே நிற்கும் அவருடைய மழித்த தலையில் நீர் சொட்டுகிறது. அவர் விலகி நிற்பதில்லை. தொப்பியை எடுத்து அணிந்துகொள்கிறார். தொப்பியின் மடிப்பில் நீர் தேங்குகிறது. ரயில் வந்ததும் தொப்பியைக் கழற்றி அந்நீரைப் பருகுகிறார். சற்று நேரத்தில் சுட்டு வீழ்த்தப்படுகிறார். அதற்குமேல் அப்படத்தில் அவருக்கு வேலையில்லை. ஆயினும் அந்த முகம் நம்மோடு தங்கிவிடுகிறது. அது வுடி ஸ்ட்ரோட்டின் முகம்.

'துணை நடிகர்' என்ற சொல்லை நாம் சற்று அலட்சியமாகவே பயன்படுத்துகிறோம். நாயகனின் பெருமையை எடுத்துக்காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர் என்பதற்கு மேல் அதில் பொருள் தேடுவதில்லை. ஆனால் சிலருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், அவர்களை ஓரத்தில் நிறுத்தியது திறமைக் குறைவன்று, காலத்தின் ஏற்பாடு என்பது விளங்கும். ஸ்ட்ரோட் அத்தகையவர்.

1914 ஜூலை 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்த ஸ்ட்ரோட், முதலில் அறியப்பட்டது விளையாட்டு வீரராகத்தான். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் 1939ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து அணியில் அவருடன் கென்னி வாஷிங்டனும் ஜாக்கி ராபின்சனும் ஆடினார்கள். கறுப்பின வீரர்களை அறவே சேர்த்துக்கொள்ளாத கல்லூரி அணிகள் மலிந்திருந்த அந்நாளில், ஓர் அணியின் வெற்றி இம்மூவரையும் நம்பியிருந்தது அரிய நிகழ்ச்சி. அவ்வாண்டு அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

ஆனால் படிப்பு முடிந்ததும் அவர்களுக்குத் தொழில்முறை ஆட்டத்தின் கதவு திறக்கவில்லை. தேசியக் கால்பந்துச் சங்கமான என்.எஃப்.எல்.லில் 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட விதி ஏதுமில்லை; அணி முதலாளிகளின் எழுதப்படாத உடன்பாடே போதுமானதாக இருந்தது. 1946இல் கிளீவ்லாண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்கு இடம்பெயர்ந்த ராம்ஸ் அணி, நகரின் கொலிசியம் அரங்கில் ஆட அனுமதி கேட்டது. அது பொதுமக்களின் வரிப்பணத்தில் எழுந்த அரங்கு. அதில் கறுப்பினத்தவரை ஒதுக்கும் அணிக்கு எப்படி இடந்தரலாம் என்று உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் எழுப்பிய கேள்விக்கு நிர்வாகத்திடம் பதிலில்லை. முதலில் வாஷிங்டனும், அடுத்து ஸ்ட்ரோட்டும் ஒப்பந்தம் செய்யப்பட்டனர். ஜாக்கி ராபின்சன் பெரிய பேஸ்பால் அணியில் முதன்முதலாகக் களமிறங்கியது 1947 ஏப்ரலில். அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய பழைய தோழர்கள் இருவர் இன்னொரு தடையைக் கடந்திருந்தனர். ராபின்சனின் பெயரை உலகம் அறியும். மற்ற இருவரையும் அறிந்தவர் சிலரே.

அப்போது ஸ்ட்ரோட்டுக்கு வயது 32. ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. ராம்ஸ் அணி அவரை அதிகம் பயன்படுத்தவில்லை. ஒரு பருவத்தோடு விடுவித்துவிட்டது. கனடாவுக்குச் சென்ற அவர், கால்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணியில் ஆடி 1948இல் கிரே கோப்பையை வென்ற வெற்றியில் பங்கேற்றார். மல்யுத்த மேடைகளிலும் பிழைப்பு நடத்தினார். வெளியூர் ஒன்று தந்த மதிப்பைச் சொந்த ஊர் தரத் தயங்கியது. இதே அனுபவம் திரைத்துறையிலும் அவருக்குக் காத்திருந்தது.

ஹாலிவுட் முதலில் அவரிடம் கண்டது ஆறடிக்கு மேற்பட்ட உயரத்தையும் கடைந்தெடுத்தாற்போன்ற உடலையும் மட்டுமே. காட்டுவாசி, காவற்காரன், அடிமை என்று வேடங்கள் வந்தன. செசில் டிமில்லின் 'த டென் கமாண்ட்மெண்ட்ஸ்' (1956) படத்தில் எத்தியோப்பிய மன்னனாகச் சிறிது நேரம் தோன்றினார். திருப்பம் 1960இல் வந்தது. அவ்வாண்டு வெளியான 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் அவர் திராபா என்னும் கிளாடியேட்டர். சூலமும் வலையும் ஏந்திக் கிர்க் டக்ளஸை வீழ்த்திவிட்டு, கொல்லும்படி வந்த கட்டளையை மறுத்து, மேலே அமர்ந்து வேடிக்கை பார்க்கும் ரோமானியர்களை நோக்கிச் சூலத்தை எறிகிறார். அங்கேயே கொல்லப்படுகிறார். அவருடைய பிணம் மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகத் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறது. படத்தின் பெருங்கலகத்துக்கு அந்த மரணமே வித்து. சில நிமிடங்களே நீளும் இவ்வேடம் அவருக்குக் கோல்டன் குளோப் பரிந்துரையைப் பெற்றுத்தந்தது.

அதே ஆண்டில் ஜான் ஃபோர்டின் 'சார்ஜன்ட் ரட்லெஜ்' வெளிவந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1866இல் அமெரிக்க இராணுவம் கறுப்பினத்தவருக்கென்று குதிரைப்படைப் பிரிவுகளை அமைத்தது. 'பஃபலோ சோல்ஜர்ஸ்' என்றழைக்கப்பட்ட அவ்வீரர்கள், மேற்கு எல்லையில் கால் நூற்றாண்டுக்குமேல் பணிபுரிந்தும் திரையில் இடம்பெறாதவர்கள். மேற்கின் மாடு மேய்ப்பர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவதுண்டு. கௌபாய் படங்களையே பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இது வியப்பாக இருக்கும். வரலாற்றில் இருந்தவர்களைத் திரை துடைத்தெறிந்திருந்தது.

ஒன்பதாம் குதிரைப்படையின் சார்ஜன்ட் ரட்லெஜ்மீது வெள்ளைச் சிறுமியைக் கெடுத்துக் கொன்றதாகவும், அவளுடைய தந்தையான அதிகாரியைக் கொன்றதாகவும் குற்றஞ்சாட்டப்படுகிறது. தப்பியோட வாய்ப்பிருந்தும், தன் தோழர்களைப் பகைவரின் பொறியிலிருந்து எச்சரிக்கத் திரும்பி வருகிறான். படைத்துறை நீதிமன்றத்தில் அவன் தலைநிமிர்ந்து நிற்பதை ஃபோர்டின் கேமரா கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிறது. அந்நாள்வரை வெள்ளை நாயகர்களுக்கே வாய்த்த பார்வைக்கோணம் அது. பெக்கோஸ் நதியைக் குதிரையில் கடக்கும் காட்சியில் தம் இனம் முழுவதையும் சுமந்துகொண்டு அக்கரை சேர்ந்ததாகப் பின்னாளில் ஸ்ட்ரோட் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார். ஆயினும் படத்தின் பெயர்ப்பட்டியலில் ஜெஃப்ரி ஹன்டரின் பெயருக்குப் பின்னரே அவர் பெயர் வந்தது. தலைப்பு அவருடைய பாத்திரத்தின் பெயர். தலைமை இடம் அவருக்கில்லை.

ஃபோர்ட் தொடர்ந்து அவரைத் தம் படங்களில் சேர்த்துக்கொண்டார். எல்லா வேடங்களும் பெருமைக்குரியவை என்று சொல்ல இயலாது. 'டூ ரோட் டுகெதர்' (1961) படத்தில் கொமாஞ்சிப் பழங்குடியாகவும், 'செவன் விமன்' (1966) படத்தில் மங்கோலியப் போர்வீரனாகவும் தோன்றினார். வெள்ளையரல்லாதார் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாற்று என்று அக்காலத் திரைத்துறை எண்ணியதற்கு இவை சான்று.

'த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வாலன்ஸ்' (1962) படத்தின் பாம்பி இவற்றினின்று வேறானவன். ஜான் வெய்ன் ஏற்ற டாம் டானிஃபனின் பணியாள் அவன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடத்தும் பள்ளியில், லிங்கனின் படத்தின்கீழ் நின்று சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்கிறான். மாந்தர் யாவரும் சமம் என்னும் இடம் வந்ததும் அவனுக்கு மறந்துபோகிறது. அந்தப் பகுதியைப் பலரும் மறந்துவிடுவதுண்டு என்கிறார் ஆசிரியர். 1962இல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறுவதற்கு ஈராண்டு முன்னர், அரங்கில் அமர்ந்து இதைக் கேட்டவர்களுக்கு யார் மறந்தவர்கள் என்பது தெரிந்தே இருந்திருக்கும். படத்தின் முடிவில், எவரும் நினையாத டானிஃபனின் சவப்பெட்டிக்கருகே நரைத்த தலையோடு அமர்ந்திருப்பவனும் பாம்பிதான்.

'த புரொபஷனல்ஸ்' (1966) படத்தில் பணயம் மீட்கச் செல்லும் நால்வரில் ஒருவராக, வில்லும் வழித்தடமும் அறிந்த ஜேக்காக அவர் வந்தார். நால்வரும் சம அளவில் பயணிக்கிறார்கள். விளம்பரங்களிலோ மற்ற மூவருக்கும் கிடைத்த முதல்வரிசை இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மீண்டும் வெளிநாடே கைகொடுத்தது. இத்தாலிய இயக்குநர் வலேரியோ சுர்லினி 1968இல், கொலையுண்ட காங்கோ தலைவர் பாட்ரிஸ் லுமும்பாவை நினைவூட்டும் பாத்திரத்தில் அவரைத் தலைமை நடிகராக்கினார். சிறையில் வதைக்கப்பட்டும் வன்முறையை ஏற்காத அந்த மனிதனை, மிகக் குறைந்த சொற்களில் ஸ்ட்ரோட் உருவாக்கிக் காட்டினார். 'பிளாக் ஜீசஸ்' என்னும் பெயரில் அப்படம் அமெரிக்காவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகள் இத்தாலிய வெஸ்டர்ன்களில் அவருக்கு நல்ல வேலையிருந்தது.

1990இல் 'கோல் டஸ்ட்' என்ற தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 1993இல் மாரியோ வான் பீபிள்ஸ் இயக்கிய 'பாஸி' படத்தில், கறுப்பினக் கௌபாய்களின் கதையைச் சொல்லத் தொடங்கும் முதியவராக நம்முன் வந்தார். 1994 டிசம்பர் 31 அன்று காலமானார். மறைவுக்குப்பின் வெளியான 'த குவிக் அண்ட் த டெட்' (1995) அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் வெளியான 'டாய் ஸ்டோரி'யின் கௌபாய் பொம்மைக்கு வுடி என்று பெயரிட்டதும் இவரை எண்ணித்தான்.

அந்தப் பொம்மையைக் குழந்தைகள் உலகெங்கும் அறிவார்கள், பெயருக்குரியவரை அறியார்கள். வாய்ப்புள்ள அன்பர்கள் 'சார்ஜன்ட் ரட்லெஜ்' படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அதன்பின் பழைய வெஸ்டர்ன் எதைப் பார்த்தாலும், நாயகனின் தோளுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று நம் கண்கள் தாமாகவே தேடத் தொடங்கும்.