எல்லை தாண்டிய கூடைப்பந்து



கூடைப்பந்து என்றால், "அது சீனப் பள்ளி ஆட்டம், நமக்கெதுக்கு?" என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். தோட்டப்புறத்தில் ஆண் பிள்ளைகளுக்குக் காற்பந்து, பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து, அதோடு சரி. உண்மையில் இது எந்த இனத்துக்கும் சொந்தமான ஆட்டம் அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி உண்டாக்கியது. ஒரு வாத்தியார் கண்டுபிடித்த ஆட்டம் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். கூடை போய் வளையம் வந்துவிட்டது. அந்தப் பத்தடி மட்டும் இன்றுவரை மாறவில்லை.

நம் வட்டாரத்தில் இந்த ஆட்டத்தின் பெரியண்ணன் பிலிப்பீன்ஸ். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1975-இல் அங்கேதான் தொடங்கியது. சீ விளையாட்டுப் போட்டியில் 1977 முதல் 2019 வரை ஆண்கள் கூடைப்பந்துத் தங்கம் இரண்டே முறைதான் அவர்கள் கையை விட்டுப் போனது. 1979-இலும் 1989-இலும். அந்த இரண்டு முறையும் வென்றது யார் தெரியுமா? நம்ம மலேசியா! இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் நாட்டுக்காக ஆடிய ஆட்டம். அண்டை நாட்டு அணிகள் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, மாறி மாறி ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் ஆடும் முறை வெகுநாள் கழித்துத்தான் வந்தது. ஆசியான் அமைப்பு 1967-இலேயே பேங்காக்கில் பிறந்துவிட்டது. ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியதோ 2009-இல். ஏன் இத்தனை தாமதம்? என் கணக்கில் முக்கியக் காரணம் விமானக் கட்டணம். பன்னிரண்டு பேர், பயிற்றுநர், உதவியாளர் எல்லாரையும் மணிலாவுக்கும் ஜகார்த்தாவுக்கும் திரும்பத் திரும்ப அனுப்பக் கட்டுப்படியாகுமா? கோலாலம்பூர்–சிங்கப்பூர் வழியில்கூட மலிவு விலை விமானங்கள் 2008 பிப்ரவரியில்தான் பறக்கத் தொடங்கின. 2001-இல் டோனி பெர்னாண்டஸ் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து, கடன் சுமையோடு ஒரே ஒரு வெள்ளிக்கு வாங்கிய ஏர் ஏசியாதான் இந்த லீக்கின் முதல் ஆதரவாளர். அவரே அதன் தலைவருமானார்.

முதல் பருவத்தில் ஆறு அணிகள்: மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, தாய்லாந்து, புருணை ஆகிய நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒன்று. 2010-இல் முதல் பட்டம் பிலிப்பீன் பேட்ரியாட்ஸ் அணிக்கு. அதன்பின் தாய்லாந்து, இந்தோனேசியா, மறுபடி பிலிப்பீன்ஸ் என்று பட்டம் கைமாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துப் பருவங்களும் விடாமல் ஆடியவை இரண்டே அணிகள். கோலாலம்பூர் டிராகன்ஸ், சிங்கப்பூர் சிலிங்கர்ஸ். பிலிப்பீன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அணிகள் வந்தன, போயின, பெயர் மாறின. 2013-இல் பட்டம் வென்ற சான் மிகேல் பீர்மென் அணியே அடுத்த பருவத்தில் இல்லை. அவர்களுக்கு வீட்டிலேயே பெரிய லீக் இருந்தது. இது இரண்டாம் பந்திச் சாப்பாடு. நமக்கும் சிங்கப்பூருக்கும் அப்படி ஏதுமில்லை. சிலிங்கர்ஸ் அணி 2006 முதல் இரண்டு பருவம் ஆஸ்திரேலிய லீக்கில் போய் ஆடிவிட்டு வந்த அணி. வீட்டில் சோறில்லாதவன்தானே விருந்தை விடாமல் பிடித்துக்கொள்வான்!

அந்த இரண்டு அணிகளும் 2016-இல் இறுதிச் சுற்றில் மோதின. ஐந்தில் மூன்று வென்றால் பட்டம். ஆளுக்கு இரண்டு ஆட்டம் வென்று, முடிவு ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தது. கோலாலம்பூர் மாபா அரங்கில் டிராகன்ஸ் வென்றது. மலேசிய அணிக்கு முதல் ஆசியான் பட்டம்! 2014 இறுதிச் சுற்றில் பேங்காக் அணியிடம் தோற்ற வலியும் அன்று தீர்ந்தது. சிலிங்கர்சுக்கு 2017-இலும் 2019-இலும் இறுதிச் சுற்று வாய்த்தது. ஒருமுறை ஹாங்காங்கிடம் தோல்வி, ஒருமுறை இந்தோனேசியாவின் சுராபாயா அணியிடம். மூன்று முறை வாசல்வரை போயும் பட்டம் கிட்டவில்லை. எனக்கு அவர்கள்மேல் ஒரு பரிவு உண்டு.

நம் வெற்றியிலும் ஒரு நெருடல் இருக்கிறது, மறைக்கக்கூடாது. பயிற்றுநர் ஏரியல் வான்கார்டியா பிலிப்பீன்ஸ்காரர். பந்தை நடத்திய ஜேசன் பிரிக்மன் அமெரிக்காவில் பிறந்தவர், மேத்யூ ரைட் கனடாவில். இருவருக்கும் தாய்வழி பிலிப்பீன்ஸ். வளையத்தடியில் நின்ற பெரிய ஆட்கள் அமெரிக்கர்கள். விதிப்படி எல்லாம் சரிதான். ஆசியானுக்கு வெளியே இருந்தும் அண்டை நாட்டிலிருந்தும் ஆட்களை எடுக்கலாம் என்பதே லீக்கின் அடிப்படை. ஆனாலும் ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் வெளியாட்கள் மூன்று நான்கு பேர் நின்றால், உள்ளூர்ப் பையனுக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும்? பட்டம் வந்தது, தேசிய அணி அந்த அளவுக்கு உயரவில்லை என்பதே என் எண்ணம்.

அந்த உள்ளூர் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சீன இளைஞர்கள். காரணம், திடல் இருக்கும் இடம் சீனப் பள்ளி. 28 மீட்டருக்கு 15 மீட்டர் சிமெண்டுத் தரை, இரண்டு வளையம். காற்பந்துத் திடலில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆனாலும் டிராகன்ஸ் அணியிலும் தேசிய அணியிலும் குகனேஸ்வரன் பத்துமலை என்ற பெயர் இருந்தது. இந்தப் பெயரை நம்ம பிள்ளைங்க எத்தனை பேருக்குத் தெரியும்?

2016-க்குப் பிறகு ஹாங்காங், தைவான், மக்காவ், சீனா என்று அணிகள் சேர, லீக் ஆசியான் எல்லையையும் தாண்டியது. பயணம் நீண்டது, செலவும் ஏறியது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து பத்தாவது பருவம் பாதியில் நின்றது, பின்னர் ரத்தானது. அந்த ஆண்டு யாருக்கும் பட்டமில்லை. 2023-இல் அழைப்புப் போட்டியாக, சுருங்கிய அளவில் ஒருமுறை நடந்தது. அதிலும் சிலிங்கர்ஸ் ஆடினார்கள். டிராகன்ஸ் இல்லை, மலேசியாவுக்காக வேறோர் அணி களமிறங்கியது.