துட்டு: ஒரு சொல்லின் இரு வாழ்வு

கள்ளக்குறிச்சிச் சந்தையில் ஒருவர் ‘கையில் துட்டு இல்லை’ என்பாராயின், பணமே இல்லை என்று நாம் பொருள் கொள்கிறோம். ஆங்கிலேயரோ, ஒரு பொருள் மிக அற்பமானது என்பதைச் சொல்ல, அது ஒரு ‘டாயிட்’ கூடப் பெறாது என்பர். இவ்விரு சொற்களும் ஒரே காசிலிருந்து பிறந்தவை என்பது மொழியறிஞர் துணிபு.

ஒல்லாந்தரின் சிறு செப்புக்காசே அது. அவர்களின் கில்டர் என்னும் நாணயம் ஒன்றுக்கு 160 டாயிட்டுகள். அக்காசின் பெயர் ஆங்கிலத்தில் புகுந்து அற்பத்தைக் குறிக்கலாயிற்று. சேக்ஸ்பியரும் அதனை அப்பொருளில் ஆண்டுள்ளார்.

அதே ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்தனர். பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை எழுப்பினர்; 1658-இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர்; மரக்காயர்களின் கப்பல் வாணிகம் சிறந்திருந்த பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை வைத்தனர். பரங்கிப்பேட்டையும் கள்ளக்குறிச்சியும் நெடுங்காலம் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. துறைமுகத்துச் சொல் உள்நாட்டுச் சந்தைகளிலும் வேரூன்றியது. ஆனால், இங்கே அது பணம் என்றே பொருள்பட்டது.

இவ்வேற்றுமை ஏன்? பொன்னையும் வெள்ளியையும் எண்ணிய கைகளுக்குச் செம்பு அற்பமாயிற்று. பொன் வராகனைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த எளியோர்க்கோ, உப்பும் அரிசியும் வாங்கித் தந்த செம்பே செல்வமாயிற்று.

அரபு மொழியிலும் இதனைக் காணலாம். ‘ஃபல்ஸ்’ என்பது செப்புக்காசு; அதன் பன்மையான ‘ஃபுலூஸ்’ இன்று பொதுவாகப் பணத்தையே குறிக்கும். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர் இச்சொல்லை நன்கறிவர். வெள்ளித் திர்ஹம் தீர்ந்து செப்புக்காசே மிஞ்சிய நிலைக்கு வந்தவனை ‘முஃப்லிஸ்’ என்றதும் இவ்வேரிலிருந்தே.

கல்வராயன் மலையில் தேனும் கடுக்காயும் திரட்டி விற்கும் மலைவாழ் மக்களுக்குச் சில ரூபாய்க் குறைவும் ஒரு வேளை உணவாகும். அவர்களிடம் பேரம் பேசி நாம் குறைக்கும் தொகை நமக்கு டாயிட், அவர்களுக்குத் துட்டு. சந்தைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லி வைப்பது நன்று.