டகோட்டா விமானமும் ஒரு மாணவனின் தாத்தாவும்



அக்டோபர் 8, விமானப்படை நாள். 1932இல் இதே தேதியில்தான் இந்திய விமானப்படை தொடங்கப்பட்டது. இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். இதில் வரலாறும் இருக்கிறது, நான் ஒருவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1990களின் தொடக்கம். ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சுதேச சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பாடம். காஷ்மீர் மன்னர் ஹரி சிங் 1947 அக்டோபர் 26இல் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், மறுநாள் நம் படை ஸ்ரீநகர் போனது என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அவ்வளவுதான் என் காஷ்மீர் பாடம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"படை எதுல சார் போச்சு?"

"விமானத்துல."

"டகோட்டா விமானம்தானே சார்? எங்க தாத்தா அதுல மெக்கானிக்கா இருந்தாங்க. காலைல எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பெரிய விசிறியைக் கையாலதான் சுத்தி விடுவாங்களாம்."

வகுப்பே சிரித்தது. "ஏலேய், அது என்ன மாட்டுவண்டியா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். நானும் சிரித்துவிட்டேன். "கதை விடாதே, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நானும் ஓய்வு பெற்றேன். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி என்றார்கள். பேரன் பிடிவாதம் பிடித்தான். பொதிகையில் ஏறி மயிலாப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து கலங்கரை விளக்கம் பக்கம் நடந்தே போய்விடலாம். காட்சி 11 மணிக்கு. ஒன்பது மணிக்கே குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம்.

கூட்டத்தில் சிலரைப் பார்த்து வியந்தேன். நம்மைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. நீளமான லென்ஸ் வைத்த கேமரா, கையில் குறிப்பு நோட்டு. பெங்களூர் எலஹங்காவில் 1996 முதல் நடக்கும் ஏரோ இந்தியாவுக்குத் தவறாமல் போகிறவர்களாம். தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், வயது எண்பதை நெருங்கும். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரஃபேல், சுகோய் எல்லாம் காதைப் பிளந்துகொண்டு போனபோது சும்மா இருந்தார். மெதுவாக, தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு ஒரு பழைய விமானம் வந்தபோது மட்டும் எழுந்து நின்றார். "டகோட்டா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

அந்த விமானத்தின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் செய்த டிசி-3 என்ற பயணிகள் விமானம் 1935 டிசம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் அதையே படைகளுக்காக 10,000க்கும் மேல் செய்து குவித்தார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் டகோட்டா. போர் முடிந்தபின் நம் விமானப்படைக்கும் அது வந்து சேர்ந்தது. 1947 அக்டோபர் 27 காலையில் டெல்லியிலிருந்து முதலாம் சீக்கியப் படைப்பிரிவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கியவை இவைதான். விமான நிலையம் யார் கையில் இருக்கிறது என்பதுகூட உறுதியாகத் தெரியாமல் போனார்கள். தலைமையேற்றுச் சென்ற லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் உயிரோடு திரும்பவில்லை. பின்னர் அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம், கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேலே இருக்கும் லே நகரில் ஏர் கமடோர் மெஹர் சிங் கொண்டுபோய் இறக்கியதும் டகோட்டாவைத்தான். 1971 டிசம்பர் 11இல் டாங்கைலில் பாராசூட் வீரர்கள் குதித்தபோதும் டகோட்டா இருந்தது.

மெரினாவில் நாங்கள் பார்த்த விமானத்தின் வாலில் விபி 905 என்று எழுதியிருந்தது. 1947இல் ஸ்ரீநகர் போன ஒரு டகோட்டாவின் எண் அது. அதே விமானம் இல்லை, நினைவுக்காக அந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பழுதுபார்க்கப்பட்ட ஒரு பழைய டகோட்டாவை, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய தந்தை எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் அது இங்கிலாந்திலிருந்து பல நாடுகளில் இறங்கி இறங்கிப் பறந்தே இந்தியா வந்தது. மே 4இல் ஹிண்டன் தளத்தில் 'பரசுராமா' என்ற பெயரோடு சேர்க்கப்பட்டது.

நான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, இதோட விசிறியைக் கையால சுத்துவாங்களா?"

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு யார் சொன்னது? சுத்தாம ஸ்டார்ட் பண்ணவே கூடாதே" என்றார்.

பிறகு பேரனுக்குப் புரியும்படி விளக்கினார். டகோட்டாவுக்கு இரண்டு எஞ்சின். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வட்டமாக அமைந்திருக்கும். விமானம் நின்றிருக்கும்போது ஆயில் கசிந்து கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்து எஞ்சினே போய்விடும். அதனால் முதலில் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்களாம். எங்காவது இடித்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிப்பார்களாம்.

பையன் சொன்னது அத்தனையும் உண்மை. நான் நடத்திய பாடத்தில் மன்னரின் பெயரும் தேதியும் இருந்தன. விடிகாலைக் குளிரில் விசிறியைச் சுற்றியவர்கள் இல்லை. அவர்களில் ஒருவரை என் வகுப்புக்குள் கொண்டுவந்த பிள்ளையை நான் உட்காரச் சொல்லிவிட்டேன்.

பழைய விமானத்தைச் செலவு செய்து ஏன் பறக்க வைக்க வேண்டும், மியூசியத்தில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை நினைத்துப் பாருங்கள். தேர் நிலையிலேயே நின்றால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடத்தில் முட்டுக்கட்டை போட வேண்டும், எவ்வளவு வடம் விட வேண்டும் என்பது இழுப்பவர்களின் கையில் இருக்கிறது. தேர் ஓடினால்தான் அது அடுத்த தலைமுறையின் கைக்குப் போகும். விமானமும் அப்படித்தான். அது பறக்க வேண்டுமென்றால், விசிறியைச் சுற்றத் தெரிந்த ஓர் இளைஞன் இன்றும் இருந்தாக வேண்டும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று வெயில் கொடுமை. பேரனுக்குத் தலை சுற்றுகிறது என்றதும் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டோம். வீடு பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். மாலையில்தான் செய்தி வந்தது, பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். அவர்களும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையோடு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் தண்ணீரும் நிழலும் திரும்பும் வழியும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் அப்புறம்.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்தார்கள். 1963இல் வந்தது, 62 ஆண்டு உழைத்தது. அதில் வேலை பார்த்த மெக்கானிக்குகள் இன்று பல ஊர்களில் தாத்தாக்களாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைப் பேச விடுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். தாத்தா காலமாகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்கிறேன், மன்னித்துக்கொள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. அன்று பாதியில் நிறுத்தியதை முழுதாகச் சொல். இந்த முறை நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்