பல்கீ கண்ட இருவகைத் துயர்

உடலுக்கு வரும் காய்ச்சலை எவரும் மறைப்பதில்லை. உள்ளத்துக்கு வரும் நோயை மட்டும் வாசற்கதவைச் சாத்திவிட்டே பேசுகிறோம். ஜின் என்பார், கண்ணேறு என்பார். தாயத்துக்கும் ஓதிய தண்ணீருக்கும் அலைந்து ஓய்ந்த பிறகே பலர் மருத்துவரை நினைக்கின்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அறிஞரை நேயர்களுக்கு நினைவூட்ட நாம் விழைவது இதனாற்றான்.

அபூ ஸைத் அல்பல்கீ, இன்றைய ஆப்கானிஸ்தானத்துப் பல்குப் பகுதியிற் பிறந்து ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தவர். நிலநூல் வல்லார் என்றே பலரும் அவரை அறிவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அவரது நூலின் முற்பகுதி உடலைப் பற்றியது; பிற்பகுதி உள்ளத்தைப் பற்றியது. மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகின்றனரே என்பது அவர் குறை. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்கிறார்.

துயரத்தை அவர் பகுத்த விதமே நம்மை வியக்க வைக்கிறது. அன்புக்குரியாரையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. இதற்குக் காரணம் தெரியும். பிறர் கூறும் ஆறுதலும், தன்னுள்ளே தான் வளர்க்கும் நல்லெண்ணமும் மருந்தாகும். மற்றொன்று காரணம் அறியப்படாதது. எதிலும் இன்பமின்றி மனம் இருண்டு கிடக்கும். இதன் வேர் உடலில், குருதியின் கேட்டில், இருப்பதாகக் கருதிய அவர், உடலுக்கும் மருத்துவம் செய்யச் சொன்னார். குருதிக் கணக்கு அக்கால மருத்துவத்தின் கணக்கு. இன்று அது நில்லாது. இக்கால மருத்துவம் முழுவதையும் பல்கீயே கண்டார் என்று மேடையில் முழங்குவோருடன் நாம் சேரமாட்டோம். ஆயினும், காரணமின்றி அழுபவனைப் பார்த்து "உனக்கென்ன குறை?" என்று கடிந்துகொள்வதில் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீண் எண்ணங்கள் ஓயாது நச்சரிக்கும் வஸ்வாஸுக்கு, தனிமையை விட்டு மக்களோடு பழகச் சொன்னார்.

மருத்துவமனைகளும் எழுந்தன. திமிஷ்கில் 1154இல் நூருத்தீனும், காஹிராவில் 1284இல் கலாவூனும் பீமாரிஸ்தான்களை நிறுவினர். பீமார் என்றால் நோயாளி. எனினும் எகிப்தியர் நாவில் அச்சொல் தேய்ந்து பித்தர் விடுதியையே குறிக்கலாயிற்று. பெருமையை மட்டும் பேசுவது நேர்மையன்று. 1184இல் திமிஷ்குக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், பித்தருக்கு அங்கே சிகிச்சை உண்டென்றும், அவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர் என்றும் சேர்த்தே எழுதினார்.

அச்சங்கிலி நம் கரைக்கும் அந்நியமன்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த தனியார் விடுதியொன்று தீப்பற்றியது. மனநோயாளர் 28 பேர் மாண்டனர். பூட்டிய சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. சங்கிலியிடுவதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் தடுக்கிறது.