இதயச் செயலிழப்பில் சிகிச்சைப் பயனை அளவிடல்

இதயச் செயலிழப்பில் சிகிச்சைப் பயனை அளவிடல் என்பது, உடலின் தேவைக்கேற்பக் குருதியை இறைக்க இயலாத இதயத்தை உடைய நோயாளிகளுக்கு அளிக்கப்படும் சிகிச்சை உண்மையில் நன்மை தருகின்றதா, எவ்வளவு தருகின்றது என்பதை ஆய்வுகள் வழியே அறிவதாகும். எதை அளப்பது என்னும் தேர்வு, ஆய்வின் முடிவையே மாற்றக்கூடியது.

அளவீடுகள்

* நியூயார்க் இதயச் சங்க வகைப்பாடு: 1928 இல் உருவானது. மூச்சுத்திணறல், களைப்பு முதலியவற்றைக் கொண்டு நோயாளிகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றது. ஓய்விலும் அறிகுறிகள் உடையோர் நான்காம் வகுப்பினர்.
* வெளியேற்றப் பின்னம்: இடது இதயக் கீழறை, தன்னுள் நிரம்பிய குருதியில் எத்தனை விழுக்காட்டை ஒரு துடிப்பில் வெளியேற்றுகின்றது என்பதாகும். 40% அல்லது அதற்குக் கீழ் இருப்பின் அது குறைந்த பின்னம் எனப்படும்.
* ஆறு நிமிட நடைச் சோதனை: சமதளத்தில் ஆறு நிமிடங்களில் நோயாளி நடக்கும் தொலைவு மீட்டரில் அளக்கப்படும்.
* வினாக்கொத்துகள்: நோயாளியே தன் நிலையைக் கூறுவது. 2000 இல் வெளியான கான்சாசு நகர வினாக்கொத்து 23 வினாக்களைக் கொண்டது. 0 முதல் 100 வரை மதிப்பெண் தரப்படும். கூடுதல் மதிப்பெண் நல்ல நிலையைக் குறிக்கும்.
* இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும்: இவை உறுதியான முடிவுகளாகக் கருதப்படுகின்றன.

மாற்று அளவீடுகளின் இடர்

இதயத்தின் சுருங்கு வலிமை கூடினால் நோயாளி நெடுநாள் வாழ்வார் என எண்ணுவது இயல்பு. மில்ரினோன் என்னும் மருந்து அவ்வலிமையைக் கூட்டியது. ஆயினும் 1991 இல் வெளியான புராமிசு ஆய்வில், தீவிர நோயுற்ற 1,088 பேரில், இம்மருந்தை வாய்வழி உண்டோரில் 30% பேரும், மருந்துப்போலி பெற்றோரில் 24% பேரும் இறந்தனர்.

இதற்கு மாறாக, பீட்டா தடுப்பிகள் தொடக்கத்தில் சுருங்கு வலிமையைக் குறைப்பதால் இந்நோயாளிகளுக்கு ஆகாதவை எனக் கருதப்பட்டன. 1999 இல் வெளியான இரண்டாம் சிபிசு ஆய்வில் 2,647 பேர் பங்கேற்றனர். பைசோப்ரோலால் பெற்றோரில் 11.8% பேரும், மருந்துப்போலி பெற்றோரில் 17.3% பேரும் இறந்தனர். உடனடியாகத் தெரியும் மாற்றம் இறுதிப் பயனைக் காட்டாது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகளாகும்.

ஒப்பீட்டுக் குழு

இந்நோயின் அறிகுறிகள் தாமாகவே கூடியும் குறைந்தும் வருவன. எனவே, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒருவரை ஒப்பிடுவது போதாது. நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, யாருக்கு எது தரப்பட்டது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு ஆய்வு நடத்தப்படுகின்றது.

1987 இல் வெளியான கன்சென்சசு ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது. நான்காம் வகுப்பு நோயாளிகள் 253 பேரில், ஆறு மாதங்களுக்குள் மருந்துப்போலிக் குழுவில் 44% பேரும், எனலாப்ரில் குழுவில் 26% பேரும் இறந்தனர்.

பயனைக் கூறும் முறைகள்

ஒரே முடிவை இரு வகையாகக் கூறலாம். மேற்கண்ட சிபிசு ஆய்வில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது சார்புக் குறைவு. நூற்றுக்கு 5.5 பேர் குறைந்தனர் என்பது தனிக் குறைவு. அதாவது, அவ்வாய்வின் காலத்தில் (சராசரியாக 1.3 ஆண்டுகள்) ஏறத்தாழ 18 பேருக்கு மருந்தளித்தால் ஓர் இறப்பு தவிர்க்கப்படும்.

இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் ஒன்றாக எண்ணும் கூட்டு முடிவுகளும் உள்ளன. இவற்றில் இரண்டும் ஒரே எடை பெறுவது குறையாகும். 2012 இல் முன்வைக்கப்பட்ட வெற்றி விகிதம் என்னும் முறை, இரு குழுவினரையும் இணை இணையாக ஒப்பிட்டு, முதலில் இறப்பையும், அதில் வேறுபாடு தெரியாதபோது மட்டும் மருத்துவமனைச் சேர்க்கையையும் கருதுகின்றது.